வயலும் தொழுவும்: நாஞ்சில் நாட்டில் கால்நடைக் கட்டடங்களுக்கான அனுமதி

விளைநிலத்தில் எழும் கால்நடைக் கொட்டிலை வேளாண்மையின் பகுதியாகக் கொள்வதா, மற்றக் கட்டடங்களைப் போல அனுமதிக்கு உட்பட்ட கட்டுமானமாகக் கொள்வதா? நிலச் சட்டங்கள் நெடுங்காலமாக இந்தக் கேள்விக்கு விடை தேடி வருகின்றன. தனி உழவர் கட்டும் நாலு கால் தொழுவுக்கும் இது பொருந்தும். வேளாண் கல்லூரியோ ஆராய்ச்சி நிலையமோ ஆட்டுப் பால் பண்ணைக்காகக் கொட்டில், கறவைக்கூடம், தீவன அறை, பால் குளிரூட்டும் அறை என்று ஒரு தொகுதியையே எழுப்ப முனைந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அத்தகைய நிறுவனம் வேளாண்மையை வளர்க்கவே அமைந்தது. அது கட்டும் கட்டடமே விளைநிலத்தைக் குறைக்குமானால் எந்த நலனுக்கு முதலிடம் தருவது என்பதில் அறிஞர்களும் சட்டங்களும் ஒருமித்த விடை தரவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில், குறிப்பாகத் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரங்களைக் கொண்ட நாஞ்சில் நாட்டில், இக்கேள்விக்குத் தனி எடை உண்டு. நிலம் சிறிது, மக்கள் மிகுதி, வயலோ நீரால் பின்னப்பட்டது. இதுவரை முன்வைக்கப்பட்ட முதன்மையான நிலைப்பாடுகளையும் அவற்றின் தோற்றத்தையும் குறைகளையும் இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது.

நிலமும் நீரும்

2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். மாநிலச் சராசரியைப் போல இது ஏறத்தாழ இரு மடங்கு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்வதால் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு நெற்பருவங்கள் அமைந்தன. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும் பின்னர் வந்த பெருஞ்சாணி அணையும் இவற்றுக்குத் தண்ணீர் தருகின்றன. அணை நீர் கால்வாய் வழியே குளத்துக்கும், குளத்து மடை வழியே வயலுக்கும், ஒரு வயலின் வரப்பு வாய் வழியே அடுத்த வயலுக்கும் இறங்குகிறது. ஒரு குளத்தின் கீழ் ஒன்றாகப் பாசனம் பெறும் வயல் பரப்பை நாஞ்சில் நாட்டார் ‘பத்து’ என்பர். மேற்கே ‘ஏலா’ என்ற சொல் வழங்குகிறது. வயல்கள் தனித்தனி உடைமைகளாக இருந்தாலும் நீரைப் பொறுத்தவரை ஒரே உடலாக இயங்குகின்றன என்பதை இச்சொற்களே காட்டுகின்றன.

கட்டட அனுமதியைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தொட்டே எழுகின்றன. நஞ்சை நிலம் களிமண் பாங்கானது. மழைக்காலத்தில் நீர் தேங்கும். அங்கே அடித்தளம் போட வேண்டுமானால் சாலை மட்டத்துக்கு மண் அடித்து நிரப்புவதே வழக்கம். மேல்வயலில் பத்து சென்ட் மண் அடித்தால் அதன் வழியே கீழிறங்கிய வாய்க்கால் அடைபடுகிறது. கீழ்வயலுக்குக் கோடையில் தண்ணீர் எட்டாது. அடைமழையில் வடிகால் இல்லாமல் நாற்று அழுகும். இரண்டு பருவம் இப்படிப் போனால் கீழ்வயல்காரர் தென்னை வைப்பார். அல்லது அவரும் நிலத்தை மனையாக விற்பார். நிரப்பும் செம்மண்ணோ வேறொரு மேட்டைக் குடைந்து வருவது. ஆகவே ஒரு கட்டடத்தின் விளைவு அதன் சுவரோடு நின்றுவிடுவதில்லை.

உடைமையாளர் உரிமை என்னும் நிலைப்பாடு

காலத்தால் முந்திய விடை, நிலத்தை வைத்திருப்பவர் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது அவர் விருப்பம் என்பதாகும். 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியிலும் இருந்தது. திருவிதாங்கூர் அரசு 1865ஆம் ஆண்டுப் பண்டாரவகைப் பாட்டப் பிரகடனத்தால் அரசு நிலங்களைப் பயிரிட்ட குடிகளுக்கு விற்கவும் மரபுரிமையாக அடையவும் கூடிய முழு உரிமை வழங்கியது. சென்னை மாகாணத்தின் ரயத்துவாரி முறையும் இதை ஒத்த போக்குடையது. வரி கட்டும்வரை பட்டாதாரரின் நிலத்துக்குள் அரசு அதிகம் தலையிடவில்லை. உழவருடைய தொழுவும் களமும் வைக்கோற்போரும் யாருடைய அனுமதியையும் கேட்டு வந்தவை அல்ல.

குடிகளுக்குப் பாதுகாப்புத் தந்ததே இந்நிலைப்பாட்டின் வலிமை. ஆனால் நிலத்தின் விலை விளைச்சலோடு ஒட்டியிருந்த காலத்தில்தான் அது சமநிலை பெற்றிருந்தது. மனை விலை நெல் வருவாயைப் பன்மடங்கு தாண்டியபின், அதே உரிமை வயலை விட்டுவிடுவதற்கான உரிமையாகவும் மாறியது. பத்தின் நீரோட்டம் கூட்டுச் சொத்து என்பதற்கு இந்த மரபில் தெளிவான இடமில்லை. வழக்கமும் ஊர்க் கட்டுப்பாடுமே அதைக் காத்தன. அவை தளர்ந்தபோது காப்பதற்குச் சட்டம் இருக்கவில்லை.

தொழுவும் வேளாண்மையே என்னும் நிலைப்பாடு

இரண்டாம் நிலைப்பாடு திட்டமிடல் சட்டங்களின் வருகையோடு பிறந்தது. திருவிதாங்கூரில் கொல்லம் ஆண்டு 1108இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1920ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தது. இரண்டின் பார்வையும் முதன்மையாக நகரத்தின் மீதே இருந்தது. ஊர்ப்புறத்தை எப்படி நடத்துவது என்ற விவாதம் இங்கிலாந்தில்தான் விரிவாக நடந்தது. ஊர்ப்புற நிலப் பயன்பாடு பற்றி 1942இல் வந்த ஸ்காட் குழு அறிக்கை, நல்ல விளைநிலத்துக்கு வேளாண்மையே முதல் உரிமையுடையது, வேறு பயனுக்கு நிலம் கேட்பவரே தம் தேவையை நிறுவ வேண்டும் என்று வாதிட்டது. அக்குழுவிலேயே பொருளியலாளர் டென்னிசன் இதை மறுத்துத் தனி அறிக்கை எழுதினார். நிலத்தின் மதிப்பைப் பயனை வைத்து அளக்க வேண்டும், வேளாண்மைக்கு முன்கூட்டியே சலுகை தரக்கூடாது என்பது அவர் கருத்து. பெரும்பான்மையின் பார்வையே 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேரூன்றியது. வேளாண்மைக்காக நிலத்தைப் பயன்படுத்துவது அனுமதி தேவைப்படும் ‘வளர்ச்சி’ ஆகாது என்று அச்சட்டம் கூறியது. பண்ணைக் கட்டடங்களுக்கும் தொடர்ந்து வந்த ஆணைகள் பரந்த விலக்கு அளித்தன.

தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும், அதன்கீழ் 2019இல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் இதே போக்கின் சாயலைக் கொண்டவை. திட்டப் பகுதிகளில் வேளாண் மண்டலம் என ஒதுக்கப்படும் இடத்தில் கால்நடை, பால் பண்ணைகள் ஏற்கத்தக்க பயன்களாகவே கருதப்படுகின்றன. உழவும் கால்நடையும் ஒன்றையொன்று தாங்குவன; வைக்கோல் தொழுவுக்குப் போகிறது, சாணம் வயலுக்குத் திரும்புகிறது என்பதே இதன் அடிப்படை.

இந்நிலைப்பாட்டின் குறை அளவில் வெளிப்படுகிறது. வீட்டுப் பின்புறத்தில் நாலு வெள்ளாடு கட்டும் தொழுவும், தீவனம் முழுவதையும் வெளியிலிருந்து லாரியில் வரவழைத்து நூற்றுக்கணக்கான ஆடுகளை அடைத்து வைக்கும் கூடமும் சொல்லால் ஒன்று, இயல்பால் வேறு. இங்கிலாந்திலேயே இது உணரப்பட்டது. அங்கே 2015ஆம் ஆண்டு ஆணைப்படி, குடியிருப்பிலிருந்து 400 மீட்டருக்குள் எழும் கால்நடைக் கட்டடத்துக்குப் பொது விலக்கு பொதுவாகக் கிடைப்பதில்லை. முழு அனுமதி கேட்க வேண்டும். கன்னியாகுமரியில் இப்படியொரு தூரத்தை வைத்தால் தகுதிபெறும் இடம் அரிது. மேற்கு வட்டாரங்களில் ஒவ்வொரு வீடும் தன் விளையின் (தோட்டத்தின்) நடுவே தனித்து நிற்பதால் ஊர் எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்க முடியாது. நாஞ்சில் நாட்டின் பழைய ஊர்களிலோ வீடுகள் தெருவாக நெருங்கி நிற்கும். ஊரைச் சுற்றி வயல் விரியும். இங்கே தூர விதி கொட்டிலை வீட்டிலிருந்து விலக்கி நேராக நல்ல நஞ்சைக்குள் தள்ளிவிடக்கூடும். ஒரே விதி மாவட்டத்தின் இரு பாதிகளில் எதிரெதிர் விளைவு தரும் என்பது கவனிக்கத்தக்கது.

பண்ணை ஒரு தொழிற்கூடம் என்னும் நிலைப்பாடு

மூன்றாம் நிலைப்பாடு வரிச் சட்டத்திலும் சுகாதாரச் சட்டத்திலும் தோன்றியது. வேளாண் வருமானம் எது என்பதைப் பற்றி 1957இல் இராஜா பினய் குமார் சகஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. நிலத்தை உழுது விதைக்கும் அடிப்படை வேலைகள் இருந்தாலொழிய, நிலத்தோடு ஏதோவொரு தொடர்பு இருப்பது மட்டும் ஒரு தொழிலை வேளாண்மை ஆக்கிவிடாது என்று அது கூறியது. கால்நடை வளர்ப்பும் பால் பண்ணையும் தம்மளவில் வேளாண்மை ஆகா என்பது அதன் விளைவு. நகர்ப்புறங்களில் விலங்கு, பறவை வளர்ப்பை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1997இல் இயற்றிய சட்டமும் வளர்ப்பைச் சுகாதாரக் கண்ணோடு பார்த்து உரிமத்துக்கு உட்படுத்தியது.

ஆட்டுப் பால் பண்ணையை எடுத்துக்கொண்டால் இக்கருத்தின் நியாயம் புலப்படும். செம்மறிப் பாலில் கொழுப்பு ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு; பசும்பாலில் 4 அளவில் இருக்கும். பாலாடைக்கட்டிக்கு இதனால் அது சிறந்தது. பிரான்சின் லக்கோன், ஜெர்மனியின் கிழக்கு ஃப்ரீசியன் போன்ற இனங்கள் இதற்காகவே வளர்க்கப்படுகின்றன. தமிழ்நாட்டின் மேச்சேரி, கீழக்கரிசல், வெம்பூர் முதலிய செம்மறிகள் இறைச்சிக்கானவை. குட்டிக்குப் போக மிஞ்சும் பால் சொற்பம். எனவே இங்கே பால் செம்மறிப் பண்ணை அமைந்தால் அது மேய்ச்சல் மரபின் தொடர்ச்சியாக இராது. புதிய இனம், கறவை இயந்திரம், குளிரூட்டி, கழுவும் நீர் ஆகியவற்றோடு வரும் புதிய ஏற்பாடாகவே இருக்கும். கறவைக்கூடத்தைக் கழுவிய நீரில் கலக்கும் பால் சிறிதாயினும் தீங்கு பெரிது. முழுப் பால் ஒரு லிட்டர் சிதைய இலட்சம் மில்லிகிராம் அளவில் ஆக்சிஜனை நீரிலிருந்து உறிஞ்சும். வீட்டுச் சாக்கடை நீருக்கு அது சில நூறு மில்லிகிராமே. அந்த நீர் வாய்க்காலில் இறங்கினால் குளத்து மீனுக்கு மூச்சு முட்டும்.

ஆனால் எல்லாக் கொட்டிலையும் தொழிற்கூடமாக்குவதிலும் சிக்கல் உண்டு. உரிமம், வரைபடம், கட்டணம் என்னும் சுமையைப் பெரிய நிறுவனம் தாங்கும். இரண்டு ஆடு வளர்த்துப் பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பார்க்கும் பெண் தாங்கமாட்டார். தமிழ்நாட்டில் 2024 முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் சிறு வீடு கட்டுவோருக்குச் சுயசான்று முறையில் விரைவான அனுமதி கிடைக்கிறது. வயலோரத்தில் வீடு கட்டுவது எளிதாகவும் தொழு கட்டுவது கடினமாகவும் ஆகிவிட்டால், விளைநிலத்தைக் காக்க எழுந்த விதி உழவரையே வெளியேற்றும்.

வயலைக் காப்பதே முதல் என்னும் நிலைப்பாடு

நான்காம் நிலைப்பாடு கட்டடத்தின் பயனைக் கேட்பதில்லை. நிலத்தின் வகையைக் கேட்கிறது. இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு அண்டை மாநிலமான கேரளம். அதன் 2008ஆம் ஆண்டு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் நெல்வயலை மாற்றுவதைத் தடை செய்தது. சொந்த வீட்டுக்கு மட்டும் ஊராட்சியில் 10 சென்ட், நகரத்தில் 5 சென்ட் வரை, உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவின் பரிந்துரையோடு விலக்கு உண்டு. எந்தெந்த நிலம் வயல் என்பதைத் தரவு வங்கியாகத் தொகுக்கவும் சட்டம் வழிசெய்தது. 2018இல் வந்த திருத்தம், அந்தப் பட்டியலில் இடம்பெறாத நிலத்தைக் கட்டணம் செலுத்தி மாற்ற வாய்ப்பளித்தது. பட்டியல் சரியாக இருந்தால்தான் காப்பு சரியாக இருக்கும் என்பதும், விடுபட்ட வயல் நிலையாகவே விடுபட்டுவிடும் என்பதும் இதன் முதன்மையான பலவீனமாகச் சுட்டப்படுகின்றன.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான தனிச் சட்டம் கன்னியாகுமரிக்கு இல்லை. 2020ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரிப் படுகைக்கு உரியது. அதுவும் எண்ணெய், எரிவாயு போன்ற பெருந்தொழில்களையே தடுக்கிறது. திட்டம் வகுக்கப்படாத பகுதிகளுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-அ பிரிவும், அதன்கீழ் 2017இல் வந்த நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளும் வழிகாட்டுகின்றன. நஞ்சையானால் வருவாய், வேளாண் துறைகளின் கருத்துக்கு இடமுண்டு. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததன் தொடர்ச்சியாகவே இவ்விதிகள் வந்தன. அவற்றின் கண் முதன்மையாக மனைப்பிரிவின் மீது இருந்தது. வேளாண் கட்டடத்தை எவ்வாறு எடைபோடுவது என்பதில் அவை அதிகம் பேசவில்லை.

மாவட்டத்தின் மலையோரக் கிராமங்களுக்கு இன்னொரு அடுக்கு உண்டு. 1990இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வரும் ஊர்களில் கட்டடத்துக்கு அதன் இசைவும் தேவைப்படும். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சுற்றிய சூழல் உணர்திறன் மண்டலம் பற்றிய விவாதம் இதோடு சேர்கிறது. பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் இட்ட ஆணையை 2023 ஏப்ரலில் அதுவே தளர்த்தியது. சமவெளியில், சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதால், குளத்தை ஒட்டிய வயலுக்கும் பறவைகளின் பேரில் ஒரு மதிப்பு கூடியிருக்கிறது. இத்தனை அடுக்கும் காப்பின் பொருட்டே எழுந்தவை. ஆயினும் ஒவ்வொன்றும் வேறு அலுவலகத்தில் வேறு கேள்வியைக் கேட்பதால், பத்தின் நீர் எங்கே ஓடுகிறது என்ற அடிப்படைக் கேள்வியைக் கேட்க யாருமில்லாமல் போவதும் நேரலாம்.

கல்வி நிறுவனத்துக்குத் தனி அளவுகோலா?

நாகர்கோவிலை அடுத்த திருப்பதிசாரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.பி.எஸ். என்ற பெயரோடு வெளிவந்த நெல் இரகங்கள் அங்கே உருவானவை. பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இத்தகைய நிறுவனங்கள் ஆய்வுக்கூடம், கொட்டில், விடுதி எதைக் கட்டினாலும் அது பொதுநலனுக்கே என்று கொள்ளும் மரபு வலுவானது. அரசின் கட்டுமானங்களுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டமும் தனி நடைமுறை வகுத்திருக்கிறது: திட்ட அமைப்புக்கு முன்கூட்டித் தெரிவிப்பதே அதன் மையம்.

இதற்கு எதிரான கருத்து, கற்பிக்கும் இடம் தானே முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பது. இங்கிலாந்தில் அரசின் கட்டுமானங்களுக்கு இருந்த விலக்கு 2006இல் நீக்கப்பட்டது. அதன்பின் அரசுத் துறைகளும் மற்றவரைப் போல அனுமதி கேட்கின்றன. ஆராய்ச்சி நிலையத்தின் நெல் வயல் வெறும் காலியிடமும் அன்று. ஒரே மண்ணில் ஆண்டுக்கணக்காக நடந்த சோதனைகளின் தொடர்ச்சி அதில் இருக்கிறது. ஒருமுறை மண் அடித்துவிட்டால் அதை வேறெங்கும் பெயர்த்து வைக்க முடியாது. மறுபுறம், கால்நடை ஆய்வே இல்லாத வேளாண் கல்வி முழுமையற்றது என்ற வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

கட்டடம் இல்லாத விடையும் காலூன்றிய விடையும்

அனுமதி விவாதங்களில் அரிதாகவே குறிப்பிடப்படும் ஒரு பழைய விடை தென் தமிழ்நாட்டில் உண்டு, அது கிடை. அறுவடை முடிந்த வயலில் கீதாரிகள் ஆடுகளை இரவில் அடைப்பார்கள். பட்டி நாள்தோறும் இடம் மாறும். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு எருவாகும். அடுத்த மழைக்கு முன் மந்தை போய்விடும். வயல் வயலாகவே இருக்கும். அன்றாடம் கறக்கும் பண்ணைக்கு இது போதாது என்பது உண்மை. எனினும் மந்தைக்கு வேண்டியதெல்லாம் நிலையான கட்டடமே என்ற எண்ணத்தை இது மறுக்கிறது.

இடைப்பட்ட வழியாகப் பரண் முறை கருதப்படுகிறது. வளர்ந்த ஓர் ஆட்டுக்குக் கூரையடியில் சுமார் 10 முதல் 15 சதுர அடி போதும் என்பது பொதுவான பரிந்துரை. தரையிலிருந்து சில அடி உயரத்தில் தூண்கள் மேல் இடைவெளி விட்ட பலகைத் தளம் அமைத்தால் புழுக்கை கீழே விழும். ஆட்டின் குளம்பு ஈரத்தில் ஊறாது. இரு பருவமழை பெய்யும் இம்மாவட்டத்துக்கு இது பொருந்தும். மண் அடிக்காமல் தூணில் நிற்கும் கொட்டிலின் அடியில் நீர் ஓட இடமிருக்கும்; வேண்டாதபோது கழற்றிவிடவும் முடியும். கறவைக்கூடமும் குளிரூட்டும் அறையும் சிமெண்ட் தளம் கேட்பவை. அவற்றை மேட்டு நிலத்துக்குப் பிரித்து அமைக்கலாம். ஆனால் இன்றைய அனுமதி முறையில் பரப்பளவும் உயரமும் அளக்கப்படும் அளவுக்கு, கட்டடத்தை மீட்டெடுக்க முடியுமா என்பது அளக்கப்படுவதில்லை.

எஞ்சும் கேள்விகள்

மேற்கண்ட நிலைப்பாடுகளில் எதுவும் முற்றிலும் தவறன்று. உடைமையாளர் உரிமை குடியைக் காத்தது. வேளாண் விலக்கு தொழுவைக் காத்தது. சுகாதார விதி அண்டை வீட்டாரைக் காத்தது. வயல் காப்புச் சட்டம் நிலத்தைக் காக்க முயல்கிறது. இவை மோதுவதற்கு ஒரு காரணம், தொழு வேளாண்மையா அன்றா என்ற வகைப்பாட்டுக் கேள்வியிலேயே விவாதம் தங்கிவிடுவது எனலாம். நாஞ்சில் நாட்டைப் பொறுத்தவரை, கட்டடம் நீரின் வழியை மாற்றுகிறதா, அதன் கழிவு எங்கே போகிறது, பிற்காலத்தில் வயலை மீட்க முடியுமா என்ற மூன்று வினாக்கள் வகைப்பாட்டைவிடப் பயனுள்ள அளவுகோலாகத் தோன்றுகின்றன. இவ்வளவுகோல் சிறு தொழுவை எளிதாக விடுவிக்கும். பெரிய பண்ணையை, அது கல்லூரியுடையதாயினும், விடை சொல்ல வைக்கும்.

ஆயினும் சில தீராதவை. எத்தனை ஆடு வரை சிறு தொழு, எங்கே பண்ணை தொடங்குகிறது என்ற எல்லை மாவட்டத்தின் இரு பாதிகளுக்கும் ஒன்றாக இருக்க முடியுமா என்பது தெளிவில்லை. பத்தின் நீரோட்டத்தைச் சான்றளிக்கும் பொறுப்பைப் பொதுப்பணி மரபில் வந்த நீர்வளத் துறைக்குத் தருவதா, பாசன உழவர்களின் சங்கத்துக்குத் தருவதா என்பதிலும் கருத்து வேறுபாடு எழக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வயலை வயலாகவே வைத்திருக்கும் உழவருக்கு அதன் பொதுப்பயனுக்கு ஈடாகச் சமூகம் என்ன தருகிறது என்ற கேள்வி நிற்கிறது. அதற்கு விடை இல்லாதவரை, அனுமதி விதிகள் எத்தனை நுட்பமாக அமைந்தாலும் வயலின் சுருக்கத்தைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுத்து நிறுத்துமா என்பது ஐயமே.